ஒரே கால், இரண்டு அறிவுரை: அம்மா எடை தூக்கலாமா, கூடாதா?

காவிரிக்கரை:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 61 வயது. நான்கு மாதத்துக்கு முன்னால் பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று அந்தக் கையைப் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. தோல் வறண்டு செதில் செதிலாக, இடது கையைவிட ஒரு சுற்று சிறுத்து, போட்டுப் பார்த்த வளையல் தடையே இல்லாமல் முழங்கை வரைக்கும் போனது. ஆறே வாரத்தில் ஒரு கை இப்படி ஆகுமா என்று இருந்தது.

நின்ற இடத்தில் விழுந்ததற்கெல்லாம் எலும்பு முறியக் கூடாது என்று சொல்லி எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். முதுகுத்தண்டில் டி ஸ்கோர் (இளவயது எலும்போடு ஒப்பிடுகிற அளவு, மைனஸ் கூடக் கூட எலும்பு லேசு) மைனஸ் 2.7, இடுப்பில் மைனஸ் 2.1. அதோடு ஏழெட்டு வருடமாக முழங்கால் வலி வேறு இருக்கிறது, எக்ஸ்ரேயில் தேய்மானம் இரண்டாம் நிலை என்று எழுதியிருக்கிறார்கள்.

பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. முழங்காலுக்குப் பார்க்கிற டாக்டர் படி ஏறாதீர்கள், கீழே உட்காராதீர்கள், குடம் தூக்காதீர்கள், காலுக்கு ஓய்வு கொடுங்கள் என்கிறார். எலும்பு அடர்த்திக்குப் பார்க்கிறவர் உட்கார்ந்தே இருக்காதீர்கள், எலும்புக்குப் பாரம் வேண்டும், முடிந்தால் எடை தூக்கிப் பழகுங்கள் என்கிறார். இரண்டு பேரும் நல்ல டாக்டர்கள்தான். அம்மா என்னிடம் கேட்டது: "ஒருத்தர் தூக்குங்கறார், ஒருத்தர் உக்காருங்கறார், நான் யார் பேச்சைக் கேக்கறது?" அன்றிலிருந்து இரண்டையும் செய்யாமல் கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். பாரம் எலும்பை வளர்க்கிறது, அதே பாரம் மூட்டைத் தேய்க்கிறது என்றால் அது எப்படி? இரண்டும் ஒரே காலில், ஒட்டிக்கொண்டு இருக்கும் பொருள்தானே? பாரம் வருகிறது என்று எலும்புக்கு எப்படித் தெரியும்? காரணம் புரிந்தால் அம்மாவுக்கு எடுத்துச் சொல்லி எழுப்பிவிடுவேன். வெறுமனே "டாக்டர் சொன்னார்" என்றால் அவர் கேட்க மாட்டார்.

---

இயன்முறை:

பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன், இந்தக் கேள்வி வாரத்துக்கு இரண்டு தடவையாவது வரும். முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் பாதிச் சிக்கல் அதிலிருந்துதான் வருகிறது. நம் ஊரில் "எலும்புத் தேய்மானம்" என்று இரண்டு வேறு வேறு நோயைச் சொல்கிறோம். ஒன்று எலும்புப் புரை நோய்: எலும்புக்குள்ளே இருக்கிற பின்னல் மெலிந்து, ஓட்டை பெரிதாகி, எலும்பு லேசாகிவிடுகிறது. விழுந்து முறிகிற வரைக்கும் வலியே இருக்காது. இன்னொன்று மூட்டுத் தேய்மானம்: எலும்பின் முனையில் மூடியிருக்கிற குருத்தெலும்பு பழுதாகி, மெல்ல மெல்ல மூட்டு முழுவதும் பாதிக்கப்படுவது. இதைத்தான் பலர் "ஜவ்வு தேய்ந்துவிட்டது" என்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு இரண்டும் இருக்கிறது. அதனால் "தேய்மானம்" என்று கேட்டதும் செருப்பு தேய்வது போல, நடக்க நடக்கக் கரைகிறது என்று மனதில் ஒரு படம் வந்துவிடுகிறது. அந்தப் படம் இரண்டு நோய்க்குமே பொருந்தாது. செருப்புக்கு உயிர் கிடையாது. இவை இரண்டும் உயிருள்ள திசு, அழுத்தினால் பதில் சொல்லும்.

அடுத்த தடவை கறிக்கடையில் ஆட்டுக்கால் வாங்கினால் (நீங்கள் சைவம் என்றால் மன்னிக்கவும்) எலும்பின் முனையைப் பாருங்கள். வெள்ளையாக, லேசாக நீலம் ஓடி, ஈரமாகப் பளபளவென்று ஒரு தொப்பி மாதிரி இருக்கும், விரலை வைத்தால் வழுக்கும். அதுதான் குருத்தெலும்பு. அங்கே நெடுக வெட்டிப் பார்த்தால் உள்ளே தேன்கூடு மாதிரி பின்னல் தெரியும். அந்தக் கம்பிகள் கண்டபடி இருக்காது, பாரம் எந்தத் திசையில் இறங்குகிறதோ அந்தத் திசையில் வரிசையாக நிற்கும். 1860-களில் சூரிச்சில் மேயர் என்கிற உடற்கூறு பேராசிரியர் தொடை எலும்பின் தலையை வெட்டி வைத்திருந்ததை குல்மான் என்கிற பொறியாளர் பார்த்தார். தாம் பாரந்தூக்கிக்கு வரைகிற விசைக் கோடுகள் மாதிரியே எலும்புக்குள் கம்பிகள் ஓடுவது அவருக்குத் தெரிந்தது. 1892-ல் பெர்லின் அறுவை மருத்துவர் யூலியுஸ் வோல்ஃப், பாரம் மாறினால் எலும்பின் உள்ளமைப்பும் வெளி வடிவமும் மாறும் என்று புத்தகமாகவே எழுதினார். வோல்ஃப் விதி என்று இன்றைக்கும் சொல்கிறோம்.

உங்கள் அம்மாவின் கை சிறுத்ததும் அந்த விதிதான், தலைகீழாக. கண்ணுக்குத் தெரிந்தது தசை. உள்ளே எலும்பும் கூடவே இளைத்திருக்கும்.

---

நுண்நோக்கி:

எலும்பு செல்களை வைத்து ஆய்வு செய்கிற மாணவி நான், நோயாளிகளைப் பார்ப்பவள் இல்லை. எனவே மருந்து, பயிற்சி பற்றி மேலே எழுதியவர் சொல்வதைக் கேளுங்கள். "எலும்புக்கு எப்படித் தெரியும்" என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் அதைக் கேட்கிற யாரையும் எனக்குப் பிடிக்கும்.

எலும்பில் மூன்று வகை செல்கள் முக்கியம். கட்டுகிறவை, கரைக்கிறவை, பிறகு எலும்புக்குள்ளேயே புதைந்து கிடக்கிற ஆஸ்டியோசைட்டுகள். எலும்பு செல்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இந்த மூன்றாவது வகைதான். ஒரு வளர்ந்த மனிதரின் எலும்புக்கூட்டில் சுமார் 4,200 கோடி இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ரொம்ப நாள் இவை எலும்பு கட்டி ஓய்ந்து புதைந்துபோன செல்கள் என்றுதான் நினைத்தார்கள். இப்போது தெரிகிறது, முழு வேலைக்கும் மேஸ்திரி இவைதான். ஒவ்வொன்றும் ஒரு சின்னக் குழியில் உட்கார்ந்து, முடி போன்ற பல டஜன் கைகளை மெல்லிய கால்வாய்கள் வழியாக நீட்டி, பக்கத்து செல்லின் கையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கால்வாய்களில் தண்ணீர் மாதிரி திரவம் நிறைந்திருக்கிறது.

இப்போது அம்மா படியில் ஒரு கால் வைக்கிறார். எலும்பு லேசாக வளைகிறது. எவ்வளவு என்றால், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒன்று இரண்டு மில்லிமீட்டர் நெளிவு என்று வைத்துக்கொள்ளுங்கள், நன்றாக ஓடும்போதே அவ்வளவுதான். அந்த அளவு நெளிவை ஆய்வகத் தட்டில் ஒரு செல்லுக்குத் தனியாகக் கொடுத்தால் அது கண்டுகொள்ளாது. பத்து மடங்கு கொடுக்க வேண்டும். இது ரொம்ப நாள் புதிராக இருந்தது. விடை அந்தத் திரவத்தில் இருந்தது. எலும்பு வளையும்போது ஒரு பக்கம் அமுங்கி, கால்வாய்த் தண்ணீர் இன்னொரு பக்கம் பாய்கிறது. பாயும் தண்ணீர் செல்லின் கைகளை உரசி இழுக்கிறது. சின்ன நெளிவு அங்கே பெரிய இழுப்பாக மாறிவிடுகிறது. செல்லின் சவ்வில் பியெசோ1 என்று ஒரு வாசல் புரதம் இருக்கிறது, இழுபட்டால் திறந்து கால்சியத்தை உள்ளே விடும். 2010-ல் பியெசோ புரதங்களைக் கண்டுபிடித்தவர் ஆர்டெம் படபூட்டியன், 2021-ல் நோபல் பரிசு பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர்.

அப்புறம் நடப்பதுதான் எனக்குப் பிடித்த கட்டம். இந்த செல்கள் ஸ்கிளெரோஸ்டின் என்று ஒரு புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கும், அது "போதும், கட்டாதே" என்று கட்டுகிற செல்களைத் தடுத்து வைக்கிற புரதம். பாரம் விழுந்த இடத்தில் அதன் சுரப்பு குறைகிறது, கட்டுமானம் தொடங்குகிறது. படுத்தே கிடந்தால் சுரப்பு கூடுகிறது, கட்டுமானம் நிற்கிறது. இந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணு பழுதாகப் பிறந்த சில குடும்பங்கள் தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கானர் மக்களிடையே இருக்கின்றன. அவர்கள் எலும்பு அசாதாரணமாகத் தடித்து, எளிதில் முறிவதில்லை. ஆனால் மண்டையோடு தடித்து நரம்புகளை நெருக்கிவிடும், அது கடுமையான நோய். அதிலிருந்து வந்த யோசனைதான் ஸ்கிளெரோஸ்டினைத் தடுக்கிற ரோமோசோசுமாப் ஊசி. 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. படி ஏறும்போது உடல் தானாகச் செய்கிற வேலையை ஊசி ஓரளவு செய்து காட்டுகிறது. (மாரடைப்போ பக்கவாதமோ சமீபத்தில் வந்தவர்களுக்கு அது போடக் கூடாது.)

இன்னொன்று, எலும்புக்கு அசையாத பாரம் பிடிக்காது. ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிற்பதை அது பொருட்படுத்தாது, ஏனென்றால் தண்ணீர் ஒருமுறை நகர்ந்துவிட்டு நின்றுவிடும். அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு என்று வர வேண்டும். ரூபின், லான்யன் என்ற இருவர் 1984-ல் வெளியிட்ட சேவல் ஆய்வு இதில் பெரிய திருப்பம். சேவலின் இறக்கை எலும்பு ஒன்றுக்கு வழக்கமான பாரம் எதுவும் வராமல் தனிப்படுத்திவிட்டு, வெளியிலிருந்து அளந்து அழுத்தினார்கள். ஒன்றுமே அழுத்தாதபோது எலும்பு கரைந்தது. ஒரு நாளைக்கு வெறும் 4 தடவை அழுத்தினாலே கரைவது நின்றது. 36 தடவை அழுத்தினால் புது எலும்பு வளர்ந்தது. 1,800 தடவை அழுத்தினாலும் 36-க்கு மேல் கூடுதல் பலன் இல்லை! சில டஜன் அழுத்தத்துக்குப் பிறகு செல்லுக்குச் சலித்துவிடுகிறது. மறுபடி உணர்வு திரும்ப எலிகளில் சுமார் எட்டு மணி நேரம் ஆனது.

குருத்தெலும்பு பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன், இது ஏற்கெனவே நீண்டுவிட்டது.

---

மிதிவண்டி:

இந்த 36 தடவைக் கணக்கு எனக்கு யாராவது இருபது வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு 58. 1998-லிருந்து சைக்கிள், வாரத்துக்கு 200 கிலோமீட்டருக்குக் குறையாது. இதயம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் டாக்டர் பாராட்டுகிற அளவில் இருக்கிறது. போன வருடம் முதுகுவலிக்கு ஸ்கேன் எடுத்தால் முதுகெலும்பு அடர்த்தி மைனஸ் 2.4. ஆண், புகை இல்லை, குடி இல்லை, தினமும் இரண்டு மணி நேர உடற்பயிற்சி, எனக்கு ஏன் என்று கேட்டதற்கு அவர் ஒரே வரியில் சொன்னார்: "சைக்கிள்ல எலும்புக்கு உட்கார்ந்துதானே வேலை." சீட்டு எடையை வாங்கிக்கொள்கிறது, தரையில் கால் படுவதே இல்லை. நீச்சல்காரர்களுக்கும் இதே கதைதான் என்றார்.

டென்னிஸ் விளையாடுகிறவர்களின் ஆடும் கை எலும்பு மற்ற கையைவிட மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தடித்திருக்கும் என்று 1977-லேயே எக்ஸ்ரே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள், ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே ரத்தம், பாரம் மட்டும்தான் வேறு. நான் இப்போது சைக்கிளை விடவில்லை, அது என் உயிர், ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் ஜிம்முக்குப் போய் எடை தூக்குகிறேன். உங்கள் அம்மாவை டிவி முன்னால் உட்கார விடாதீர்கள்.

---

மாடிப்படி:

எல்லாரும் பாரம் நல்லது என்கிறீர்கள். என் பாட்டி செங்கல் சூளையில் முப்பது வருடம் தலையில் கல் சுமந்தவர். கால் இரண்டும் வில் மாதிரி வளைந்து, கடைசிப் பத்து வருடம் சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். எலும்பு கெட்டியாகத்தான் இருந்தது, ஒருநாளும் முறியவில்லை, ஆனால் மூட்டு போய்விட்டது. அவருக்கு யாரும் ஓய்வு எடுக்கச் சொல்லவில்லை. முழங்கால் டாக்டர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிடாதீர்கள். ஓடுகிறவர்களுக்கும் மூட்டு போகும் என்றுதானே சொல்கிறார்கள்?

---

நுண்நோக்கி:

மாடிப்படி சொன்னதுதான் நான் எழுத வந்ததும். உங்கள் பாட்டி மாதிரி உழைத்தவர்களின் மூட்டைப் பார்த்துவிட்டு "பாரம் நல்லது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பு கிடையாது. முக்கால்வாசி தண்ணீர். கொலாஜன் நார் வலைக்குள் அக்ரிகான் என்ற பெரிய மூலக்கூறுகள் தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொண்டு நிற்கின்றன, வலை அவற்றை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அந்த இழுபறிதான் மூட்டின் மெத்தை. செல்கள் ரொம்பக் குறைவு, மொத்த அளவில் சில சதவீதம்தான், ஒன்றுக்கொன்று தொடாமல் தனித்தனியாக இருக்கும். எலும்பு செல்கள் கைகோத்துச் சேதி அனுப்புகிற மாதிரி இவற்றால் முடியாது. ரத்தம் வராத இடத்தில் சாப்பாடு எப்படி வரும்? மூட்டுத் திரவத்திலிருந்து ஊறித்தான் வர வேண்டும். காலை ஊன்றும்போது தண்ணீர் பிழிந்து வெளியே போகிறது, எடுக்கும்போது திரும்ப ஊறி உள்ளே வருகிறது. அந்தப் போக்குவரத்து சத்தை உள்ளே கலக்கிவிடுகிறது. தொடர்ந்து முழங்காலை மடக்கி நீட்டச் சொல்லி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், முட்டிச்சில்லின் குருத்தெலும்பு லேசாக மெலிகிறது, பழைய தடிமனுக்கு வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதாவது அது எலும்பைவிட மெதுவான ஆள். அடிக்கடி, மிதமாக, தாளத்தோடு வருகிற அழுத்தம் அதற்கு வேண்டும், நடுவில் இளைப்பாற நேரமும் வேண்டும்.

மிதமாக அழுத்தி விடும்போது இந்த செல்கள் அக்ரிகானை அதிகம் செய்கின்றன. திடீரென்று பலமாக அடித்தாலோ, நாள் முழுக்க விடாமல் அழுத்தினாலோ அதே செல்கள் தாங்கள் கட்டிய வலையையே வெட்டுகிற நொதிகளைச் சுரக்கின்றன, சில செத்தும் போகின்றன. பாட்டியின் காலில் நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன், சுமை, மணிக்கணக்கு, வளைந்த காலில் உள்பக்கமே எல்லாப் பாரமும். பாரம் ரொம்பக் குறைந்தாலும் கெடும். கணுக்கால் முறிந்து ஏழு வாரம் முழுப் பாரம் கொடுக்காமல் ஓரளவே கால் ஊன்றி நடந்தவர்களுக்கு முழங்கால் குருத்தெலும்பு மெலிந்திருந்ததை அளந்திருக்கிறார்கள். முழங்காலில் அவர்களுக்கு அடியே படவில்லை.

ஓட்டம் பற்றி: 2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரையில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இடுப்பு, முழங்கால் தேய்மானம். ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காகத் தொழிலாக ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம். ஏற்கெனவே மூட்டு நன்றாக இருப்பவர்கள்தான் ஓட வருகிறார்கள் என்று ஒரு வாதம் உண்டு, அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனாலும் உட்கார்ந்திருந்தால் மூட்டு மிச்சப்படும் என்பதற்கு இந்த எண்களில் ஆதரவு இல்லை.

ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. எலும்பு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும், வருடத்துக்கு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு மாறுகிறது. குருத்தெலும்பின் கொலாஜன் அப்படி இல்லை. 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற ஒரு வகைக் கார்பன் கூடி, பிறகு குறைந்துகொண்டே வந்தது. அதை வைத்து உடலின் எந்தத் திசு எந்த வருடம் உண்டானது என்று சொல்லிவிடலாம். டென்மார்க் ஆய்வாளர்கள் 2016-ல் முழங்கால் குருத்தெலும்பை அப்படி அளந்தார்கள். பிள்ளைப் பருவத்தில் போட்ட கொலாஜன்தான் வயதான பிறகும் அப்படியே இருக்கிறது, நோய் வந்த மூட்டிலும் மாறவில்லை. உங்கள் அம்மா பாவாடை சட்டையில் பள்ளிக்கூடம் போன நாளில் பின்னிய வலை. அதை எடை தூக்கி மறுபடி பின்ன முடியாது. ஆனால் வலைக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கிற அக்ரிகான் மாறிக்கொண்டே இருக்கும், அதைக் காப்பாற்றலாம், சுற்றியுள்ள தசையைக் கெட்டியாக்கி அதிர்ச்சியைக் குறைக்கலாம்.

காவிரிக்கரை, உங்கள் கேள்விக்கு நேரடியாக: ஒரே பாரம் ஒன்றை வளர்த்து ஒன்றைத் தேய்க்கவில்லை. இரண்டுக்கும் பாரம் வேண்டும், அளவும் தாளமும் வேறு. எலும்புக்குக் கொஞ்ச நேரம், கொஞ்ச தடவை, ஆனால் வழக்கத்துக்கு மீறின அழுத்தம். குருத்தெலும்புக்கு மெல்லிய, திரும்பத் திரும்ப வருகிற, இடைவெளி விட்ட அழுத்தம்.

---

காவிரிக்கரை:

படித்துவிட்டு அம்மாவிடம் பாவாடை சட்டை வரியை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் முழங்காலையே தடவிக்கொண்டிருந்தார்.

இரண்டு சின்னக் கேள்வி. அம்மா தினமும் காலையில் அரை மணி நேரம் நடந்துகொண்டுதான் இருந்தார், விழுவதற்கு முன்பு வரை. அப்படியும் ஏன் எலும்பு இளைத்தது? இன்னொன்று, என் மகளுக்குப் பல்லில் கம்பி கட்டியிருக்கிறோம், மாதாமாதம் இறுக்குகிறார்கள், பல் நகர்கிறது. அதுவும் இதே விஷயமா?

---

நுண்நோக்கி:

அதே செல்கள்தான். பல் எந்தப் பக்கம் தள்ளப்படுகிறதோ அந்தப் பக்கத் தாடை எலும்பு கரைந்து வழிவிடுகிறது, பின்னால் காலியான பக்கம் புதிதாக நிரம்புகிறது. அதனால்தான் ரொம்ப இறுக்கினால் வேகமாக நகராது, அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் நின்று தடைதான் படும். இலிசாரோவ் என்கிற ரஷ்ய மருத்துவர் எலும்பை நீட்டும்போதும் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான், அதையும் கால் கால் மில்லிமீட்டராக நான்கு தடவையில் இழுத்தார். செல்லுக்கு ஒரு வேகம் இருக்கிறது, நம் அவசரத்துக்கு அது வராது.

நடை: நடப்பது குருத்தெலும்புக்கு அருமையான உணவு. எலும்புக்கு அது பழகிப்போன பாரம். அறுபது வருடமாக அந்த அழுத்தத்தைப் பார்த்த எலும்பு "இதற்குத் தேவையான அளவு இருக்கிறேன்" என்றுதான் இருக்கும். அமெரிக்க மருத்துவர் ஹரால்ட் ஃபிராஸ்ட் இதை வீட்டின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவியோடு ஒப்பிட்டு 1987-ல் எழுதினார். ஒரு அளவுக்குக் கீழே போனால் கரைக்கும், ஒரு அளவுக்கு மேலே போனால் கட்டும், நடுவில் சும்மா இருக்கும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் கரைக்கிற பக்கம் வேலை கூடிவிடுகிறது, நடை மட்டும் அதை ஈடுகட்டாது. விண்வெளி வீரர்கள் இதன் மறுகோடி. மிதக்கிற உடலில் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை சதவீதம் குறையும். சுனிதா வில்லியம்ஸ் 286 நாள் மேலே இருந்தபோதும் தினமும் எதிர்விசைக் கருவியில் எடைப் பயிற்சி செய்ய வேண்டியிருந்தது அதற்காகத்தான்.

---

இயன்முறை:

இனி செய்ய வேண்டியது. முதலில் எச்சரிக்கை, ஏனென்றால் இதைப் படித்துவிட்டு யாராவது நாளைக்கே அம்மாவைக் குதிக்கச் சொல்லிவிடுவார்கள். முதுகில் மைனஸ் 2.7 என்றால் முதுகெலும்பு ஏதாவது ஏற்கெனவே நசுங்கியிருக்கிறதா என்று ஒரு பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், வலி இல்லாமலேயே நசுங்கியிருக்கும். முதுகை வளைத்துக் குனிந்து எடுப்பது, அதோடு திரும்புவது, இரண்டும் வேண்டாம், குடமோ பேரனோ எதுவாக இருந்தாலும். மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் பயிற்சியை நம்பி அதை நிறுத்தவும் கூடாது. ஒரு தடவை முறிந்தவருக்கு மருந்து முக்கியம்.

ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற நூற்றுச் சொச்சம் பெண்களை வைத்து. வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம்தான், ஆனால் உண்மையான கனமான எடை, கூடவே பிடிமானத்தோடு குதித்து இறங்குவது. எட்டு மாதத்தில் அவர்கள் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது, வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. பக்கத்திலேயே பயிற்சியாளர் நின்று, முதல் மாதம் வெறும் முறையை மட்டும் பழக்கி, பிறகுதான் எடை ஏற்றினார்கள். அந்த முதல் மாதத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

உங்கள் அம்மா மாதிரி இருப்பவர்களுக்கு நான் தொடங்குவது நாற்காலியில். கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்கார வேண்டும். உயரம் அதிகமான நாற்காலியில் ஆரம்பித்து, வாரம் போகப் போகத் தாழ்த்துவேன். தொடைத் தசை பலமானால் முழங்கால் வலி குறைவதைத்தான் அவர் முதலில் உணர்வார், எலும்பு கெட்டியாவதை உணரவே முடியாது. அடுத்தது சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு முன்காலில் எழும்பி, குதிகாலைத் தட்டென்று தரையில் இறக்குவது. பத்துப் பன்னிரண்டு தடவை, காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. அந்தச் சேவல் கணக்கு ஞாபகம் இருக்கிறதா, நூறு தடவை வேண்டாம். பிறகு பையில் அரிசி போட்டு இரண்டு கையிலும் சமமாகப் பிடித்து எழுவது, ஒன்று ஒன்றரை கிலோவில் தொடங்கி.

முழங்காலுக்கு ஒரு சுலபமான விதி வைத்திருக்கிறேன். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழையபடி ஆகிவிட வேண்டும். வீங்கினாலோ, மறுநாளும் கூடுதலாக வலித்தாலோ நேற்றுக் கொடுத்தது அதிகம், பாதியாகக் குறையுங்கள், ஆனால் நிறுத்தாதீர்கள். உடல் எடை கூட இருந்தால் அதையும் பாருங்கள், உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் நான்கு கிலோ பாரம் குறைகிறது. கீழே உட்கார்ந்து எழுவதை முழங்கால் டாக்டர் வேண்டாம் என்றது இப்போதைக்குச் சரி, ஆழமாக மடங்கும்போதுதான் அழுத்தம் அதிகம். படியில் கைப்பிடி பிடித்து ஏறலாம். இறங்கும்போது முழங்காலுக்கு ஏறுவதைவிட அதிகப் பாரம், ஆளின் எடையைப் போல மூன்றரை மடங்கு வரைக்கும் போகும், அங்கே நிதானம் வேண்டும்.

சாப்பாட்டில் கேழ்வரகு, எள், மோர், முருங்கைக்கீரை, பருப்பு. இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். வைட்டமின் டி ஒரு தடவை ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். செங்கல் வராமல் மேஸ்திரி என்ன செய்வார். அப்புறம் ஸ்கேனை மூன்று மாதத்தில் திரும்ப எடுத்துப் பார்த்துச் சோர்ந்துபோகாதீர்கள், எலும்பு ஒரு இடத்தைக் கரைத்துக் கட்டி முடிக்கவே நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். ஒரு வருடம் கழித்து, அதே கருவியில் எடுங்கள்.

பின்கட்டில் வழுக்குகிற இடத்தையும் இந்த வாரமே சரிபண்ணுங்கள்.

---

மாடிப்படி:

நான்கு மடங்கு விஷயம் எனக்குப் புதிது. தலையில் பத்துக் கல் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு எத்தனை நடை நடந்திருப்பார் என் பாட்டி என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், மேலே எழுத மனம் வரவில்லை.

---

காவிரிக்கரை:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் நசுங்கல் எதுவும் இல்லை, மாத்திரை தொடர்கிறது. இரண்டு டாக்டர்களிடமும் இங்கே படித்ததைச் சொன்னேன். முழங்கால் டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓய்வுன்னு நான் சொன்னது வலி ஜாஸ்தியா இருந்த அந்த ரெண்டு வாரத்துக்கு, நாலு மாசத்துக்கு இல்லை" என்றார். அதை நாங்கள் கேட்டு வந்திருக்க வேண்டும்.

பின்கட்டில் பாசியைச் சுரண்டி, சொரசொரப்பான ஓடு பதித்து, சுவரில் கைப்பிடி வைத்தாயிற்று. பிசியோ ஒருவர் வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறார். முதல் நாள் அம்மாவால் கட்டிலிலிருந்து கை ஊன்றாமல் எழவே முடியவில்லை, பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிட்டார், முகம் சுருங்கிவிட்டது. இப்போது சாப்பாட்டு மேசை நாற்காலியில் எட்டுத் தடவை. குதிகால் தட்டுவதைக் குக்கர் வைத்த பிறகு மேடையைப் பிடித்துக்கொண்டு செய்கிறார், மூன்றாவது விசில் வருவதற்குள் பன்னிரண்டு முடிந்துவிடும். முன்னறையில் உட்கார்ந்திருந்தால் தட் தட்டென்று எனக்குக் கேட்கும்.

நேற்று ஒன்றரைக் கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டாக்கிடலாமா?" என்று கேட்டார். பிசியோ வருகிற வியாழக்கிழமை வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.